கோச்சிச் சத்தம்

யாழ்ப்பாணப் புகையிரத நிலையத்தைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுப்பது என்று 2011-ல் முடிவு செய்தபோது, எங்கள் ஊடகக் கழகத்தில் ஏழு பேர் இருந்தோம். எல்லோரும் உயர்தர வகுப்பு. ஏழு பேரில் ஒருவர்கூட ஊரில் கோச்சி ஓடிப் பார்த்ததில்லை. கொழும்பிலிருந்து வரும் யாழ்தேவி ரயில் கடைசியாக வந்துபோனது 1990 ஜூனில். நாங்கள் பிறந்தது அதற்குப் பிறகு.

நிலையம் அப்போது கூரையில்லாமல் நின்றது. துப்பாக்கிச் சன்னம் துளைத்த சுவர்கள், மேடையைப் பிளந்து வளர்ந்த மரங்கள். தண்டவாளமும் இல்லை, சிலிப்பர் கட்டையும் இல்லை. பங்கர் என்ற பதுங்குகுழி கட்டவென்று எப்போதோ போய்விட்டன. பாதை இருந்த மேட்டில் சனம் சைக்கிளில் போய்வந்தது. தோழன் ஒருவனின் மாமா கொண்டுவந்து கொடுத்த சின்னக் கமெரா ஒன்றுதான் எங்களிடம் இருந்தது. காற்றடித்தால் அதில் பேச்சு கேட்காது. அதனால் பேட்டிகளையெல்லாம் விடியற்காலையில் எடுத்தோம்.

படத்தின் இசை என் பொறுப்பு. எனக்கு மிருதங்கம் தெரியும், ஆர்மோனியம் ஓரளவு வரும். சினிமாவில் கேட்ட ரயிலை மனதில் வைத்து, ஓயாமல் ஓடும் ஒரு தாளத்தைப் போட்டு, மேலே சோக ராகமான முகாரியில் ஒரு வயலின் மெட்டும் சேர்த்தேன். எனக்கு நன்றாகத்தான் பட்டது.

சங்கீத ரீச்சர் ஒருமுறை கேட்டுவிட்டுச் சொன்னார்: "முகாரி வேண்டாமடா. இடிஞ்ச சுவரைப் பார்த்தாலே அழுகை வருது, அதுக்கு மேலே நீயும் அழவைக்காதே. கோச்சியேற வந்து நிக்கிற சனத்தின்ரை முகம் எப்பிடி இருந்திருக்கும் எண்டு யோசி." அன்றிரவே மகிழ்ச்சி தொனிக்கும் மோகன ராகத்துக்கு மாற்றினேன். படத்தில் எனக்கு இன்றும் பிடித்த இடம் அதுதான்.

தாளத்தைத் திருத்தியவர் வேறொருவர். நாவற்குழிப் பக்கம் முன்பு ரயில் கடவையில் கேற் காவலராக இருந்த ஐயாவைப் பேட்டி எடுக்கப் போனபோது, போட்ட இசையைக் கைத்தொலைபேசியில் போட்டுக் காட்டினோம்.

"தம்பி, உது கரிக்கோச்சி" என்றார். "யாழ்தேவி டீசல். அது உப்பிடிப் புகைவிட்டுக் கத்தாது, முழங்கிக்கொண்டு வரும்."

பிறகு மேசையில் விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். நாலு அடி, ஒரு மௌனம், மறுபடி நாலு அடி. ஏன் அப்படி என்று கேட்டோம். ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னுக்கு இரண்டு சோடி சில்லு, பின்னுக்கு இரண்டு சோடி. ஒரு பெட்டியின் பின்சில்லுகளும் அடுத்த பெட்டியின் முன்சில்லுகளும் கிட்டக்கிட்ட வரும். வெயிலில் இரும்பு நீளும் என்பதற்காகத் தண்டவாளங்கள் சேரும் இடத்தில் சின்ன இடைவெளி விட்டிருப்பார்கள். அதைக் கடக்கும்போதுதான் அந்த நாலு அடியும் விழும். பெட்டியின் நடுப்பகுதி கடக்கும்வரை சத்தம் இல்லை. நான் விட்டுவிட்டது அந்த மௌனத்தைத்தான்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். மிருதங்கத்தில் தகதிமி என்று நாலு அடி, பிறகு அடியில்லாத நீண்ட கார்வை. எஞ்சினின் முழக்கத்துக்கு என்ன செய்வது என்று மூன்று நாள் தெரியவில்லை. அப்புறம் இணுவிலில் இருந்து வந்து படித்த ஒரு தம்பி, நாதஸ்வரத்துக்குச் சுருதி பிடிக்கும் ஒத்து என்ற குழலை வீட்டிலிருந்து கொண்டுவந்தான். அவன் மூச்சடக்கி அதை ஊத, நான் ஆர்மோனியத்தின் கீழ்ச்சுரம் ஒன்றை அழுத்திப் பிடித்தேன். இரண்டும் சேர்ந்தபோது அறை அதிர்ந்தது. இரவில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்த்து விறுவிறுக்க ஒலிப்பதிவு செய்தோம். ஒருநாள் மின்சாரம் போய் ஒரு முழுப் பகுதி அழிந்தது. மறுநாள் அதையும் திரும்ப வாசித்தோம்.

அந்த ஐயா சொன்ன இன்னொன்றையும் இங்கே எழுத வேண்டும். கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவித் திட்டத்தின் கீழ் கனடா அன்பளிப்பாகத் தந்த டீசல் எஞ்சின்கள் 1954-ல் இலங்கைக்கு வரத் தொடங்கின. அவற்றுக்குக் கனேடிய மாகாணங்களின் பெயர். ஐயா அந்தப் பெயர்களை ஊர்ப்பிள்ளைகளின் பெயர்போல அடுக்கினார்: அல்பேர்ட்டா, சஸ்கச்சுவான், ஒன்ராறியோ. படத்தில் அதை வைத்தோம். அவற்றில் ஒன்று நான் குடியிருக்கப் போகும் இடம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

2014 ஒக்டோபர் 13 அன்று மறுபடியும் யாழ்ப்பாணத்துக்குக் கோச்சி வந்தபோது நான் ஒன்ராறியோவில், ரொறொன்ரோ நகரில் இருந்தேன். கமெரா பிடித்த தோழன் நாவற்குழியில் ஐயாவோடு நின்று சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினான். இரண்டு நிமிடம். முதல் அரை நிமிடத்தில் சனத்தின் பேச்சு மட்டுமே இருக்கிறது. அதற்கிடையில், கோச்சி வருவதற்கு முன்னமே, ஐயா தன் சைக்கிள் பாரில் தட்டுவது கேட்கிறது. நாலு அடி, ஒரு மௌனம், மறுபடி நாலு அடி.