கடைமடைக்காரர் பார்த்த பனியாறு

போன டிசம்பரில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு தென் அமெரிக்காவின் கடைசி முனை வரைக்கும் கப்பலில் போய் வந்தேன். வந்ததிலிருந்து சொந்தக்காரர்களும் திருப்பூரில் என்னோடு வேலை பார்ப்பவர்களும் கேட்பதற்கெல்லாம் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பிப் பார்த்தேன், முடியவில்லை. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது எழுபத்தொன்று. வெள்ளகோவில் பக்கம் பதினோரு ஏக்கர், அதில் பாதி மாடு மேய்கிற கொறங்காடு, சுற்றிலும் கிளுவை வேலி, ரெண்டு காங்கேயம் மாடு, மீதியில் தென்னையும் முருங்கையும். பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில் எங்களுடையது கடைமடை. நாலு மண்டலமாகப் பிரித்து முறைவைத்து விடுகிற தண்ணீர், திருமூர்த்தி அணையில் கிளம்பி எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேரும்போது கணுக்கால் நனைந்தாலே பெரிது. கிணறு அவர் வெட்டியபோது எண்பது அடி. வேட்டு வைத்து ஆழப்படுத்தி, அடியில் பக்கவாட்டில் போர் போட்டு, அப்புறம் தோட்டத்து மூலையில் ஆயிரத்துச் சொச்சம் அடிக்கு ஒரு போர், அதிலும் பாதி நாள் வெறும் காற்றுதான் வரும். தண்ணீரை மணிக்கணக்கிலும் முறைக்கணக்கிலும் பார்த்தே வாழ்ந்தவர். அம்மா போன பிறகு எங்கேயும் வரமாட்டேன் என்று இருந்தவரை, "தண்ணிக்கு முறையே வெக்காத ஒரு எடம் இருக்குதுங்கப்பா, போய்ப் பாத்துட்டு வரலாமுங்க" என்று சொல்லித்தான் பாஸ்போர்ட் எடுக்க வைத்தேன்.

சிலி நாட்டின் புன்தா அரேனாஸ் ஊரில் ஏறி, அர்ஜென்டினாவின் உஷுவாயாவில் இறங்குகிற நாலு ராத்திரிப் பயணம். செலவை ஒளிக்காமல் சொல்கிறேன், விமானமும் சேர்த்து எங்கள் ரெண்டு பேருக்கும் ஆன தொகையில் ஒரு நல்ல கார் வாங்கியிருக்கலாம். எட்டு வருடச் சீட்டுப் பணம் அது. எனக்கு ஒரு ரூபாய்கூட வருத்தமில்லை.

கோயம்புத்தூரில் கிளம்பி மும்பை, ஐரோப்பா, சாந்தியாகோ என்று மாறி மாறிப் போய்ச் சேர மூன்று நாள் ஆனது. சிலிக்குள் விதை, பழம், பச்சைக் காய் எதையும் விடமாட்டார்கள், கையில் இருப்பதைப் படிவத்தில் மறைக்காமல் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நான் வறுத்து அரைத்த பருப்புப்பொடியும் சுக்கும் தப்பின. அப்பா எனக்குத் தெரியாமல் வேட்டிக்குள் சுருட்டி வைத்திருந்த ஒரு படி கொள்ளு போய்விட்டது. மண்ணைக் காப்பாற்றுவதற்காக ஒரு நாடு இவ்வளவு கண்டிப்பாக இருப்பது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது, வாங்கிக்கொண்ட அந்தப் பெண்ணுக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்தார்.

சின்னக் கப்பல் ஏன் என்று நிறையப் பேர் கேட்டார்கள். மூவாயிரம் பேர் போகிற பெரிய கப்பல்களும் அந்தப் பக்கம் வருகின்றன, காசும் குறைவு. ஆனால் அவற்றில் மேல்தளத்தில் நின்று தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். எங்களுடையது இருநூறு பேர் ஏறுகிற கப்பல். மலைக்கு நடுவே சந்து மாதிரி போகிற கடலுக்குள் நுழைந்து, நங்கூரம் போட்டு, ஜோடியாக் என்கிற ரப்பர் படகில் பத்துப் பன்னிரண்டு பேராக ஏற்றிக் கரையிலேயே இறக்கிவிடுகிறார்கள். இதற்குத்தான் அந்தக் காசு. மெத்தை, கண்ணாடிச் சுவர் வைத்த அறை, மூன்று வேளையும் வரிசையாகப் பரிமாறுகிற சாப்பாடு எல்லாம் நன்றாகவே இருந்தன, ஆனால் அவை வேறு இடங்களிலும் கிடைக்கும். வைஃபை கிடையாது. அப்பாவும் நானும் இருபது வருடத்தில் பேசாததையெல்லாம் அந்த நாலு நாளில் பேசினோம் என்றால் அதுவும் ஒரு காரணம்.

போர்ச்சுகீசிய மாலுமி மெகல்லன் 1520ல் நுழைந்த நீரிணையிலிருந்துதான் பயணம் தொடங்குகிறது. கரையெங்கும் தீ எரிவதைப் பார்த்து அந்த மண்ணுக்கு நெருப்பு நிலம் என்று பெயர் வந்தது, தியேரா தெல் ஃபுவேகோ. 1914ல் பனாமா கால்வாய் திறக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் கப்பல் போக்குவரத்து அதிகம். இப்போது நம்மோடு துணைக்கு வருவது பெரும்பாலும் காற்று மட்டும்தான்.

முதல் நாள் ஐன்ஸ்வர்த் விரிகுடாவில் இறங்கினோம். பனியாறு என்றால் மலையிலிருந்து மெல்ல நகர்ந்து இறங்குகிற ஐஸ். தூரத்தில் தெரிகிற மரினெல்லி பனியாறு கடந்த நூறு வருடத்துக்குள் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியிருக்கிறது, அது விட்டுப்போன நிலத்தில்தான் இப்போது காடு வளர்கிறது. பாசி முதலில், அப்புறம் புதர், அப்புறம் லெங்கா மரம் என்று வரிசையாக நடந்துகொண்டே பார்க்கலாம். அந்தக் காட்டுக்கு நடுவில் ஒரு பெரிய பரப்பு முழுக்க மரமெல்லாம் வெளுத்துச் செத்து நின்றது. பீவர் என்கிற, தண்ணீரில் வாழும் பெரிய எலி மாதிரியான விலங்கு செய்த வேலை. தோலுக்காக 1946ல் கனடாவிலிருந்து கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அடித்துத் தின்ன இங்கே கரடியோ ஓநாயோ இல்லாததால் பெருகித் தீவெல்லாம் பரவிவிட்டது. மரத்தைப் பல்லால் அறுத்து ஓடையில் அணை கட்டுகிறது, தேங்குகிற தண்ணீரில் வேர் அழுகி மற்ற மரங்களும் சாகின்றன. வழிகாட்டிப் பையன் சொன்னதை நான் தமிழில் சொல்லச் சொல்ல அப்பா தலையாட்டிக்கொண்டே வந்து, "நம்மூரு சீமைக்கருவேல மரத்துக் கதைதான் அம்மிணி இது, நல்லதுன்னு நெனச்சுக் கொண்டாந்திருப்பாங்க" என்றார். அதைத் திரும்ப இங்கிலீஷில் சொன்னேன். அந்தப் பையன் நின்று, சீமைக்கருவேலம் எங்கிருந்து வந்தது என்று கேட்டான். அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான் என்றேன். அதன் பிறகு பயணம் முடிகிற வரைக்கும் அவன் அப்பாவை விட்டு நகரவில்லை.

அன்று ராத்திரி கப்பல் கொஞ்ச நேரம் திறந்த பசிபிக் பக்கமாகப் போக வேண்டியிருந்தது. அப்பாவுக்குத் தாங்கவில்லை. வாந்தி நின்ற பிறகு சமையல்காரரிடம் வெந்நீர் வாங்கி, கொண்டுபோன சுக்கைத் தட்டிப் போட்டுக் கொடுத்தேன். ரெண்டு மணி நேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, வயதான மனிதரை இவ்வளவு தூரம் இழுத்து வந்தது தப்போ என்று அழுகையே வந்துவிட்டது. வயதானவர்களோடு போகிறவர்கள் இந்த ஒரு ராத்திரிக்குத் தயாராகப் போங்கள், மாத்திரையைக் கப்பல் ஆடுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

விடிந்தபோது கப்பல் ஆடவில்லை. திரையை விலக்கினால் ஜன்னலுக்கு வெளியே பியா பனியாறு.

அதை எப்படி எழுதுவது என்று இரண்டு வாரமாக யோசிக்கிறேன். மலை இடுக்கிலிருந்து வழிந்து வந்து அப்படியே கடலில் நிற்கிற வெள்ளைச் சுவர், ஆனால் வெள்ளை கொஞ்சம்தான், விரிசல்களுக்குள்ளே எல்லாம் நீலம். ஆயிரமாயிரம் வருடப் பனி ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அழுத்தி உள்ளே இருந்த காற்றெல்லாம் பிதுங்கி வெளியேறியபின் இறுகிய ஐஸ், வெளிச்சத்தில் சிவப்பை விழுங்கிவிட்டு நீலத்தை மட்டும் நமக்குத் திருப்பித் தருகிறது. அதன் காலடியில் கடல் பச்சையும் வெள்ளையும் கலந்து கலங்கலாக இருந்தது. "கழுநீர் மாதிரியில்ல இருக்குது" என்றார் அப்பா. சரியாகத்தான் சொன்னார். ஐஸ் நகரும்போது அடியில் இருக்கிற பாறையை மாவாக அரைக்கிறது, அந்த மாவுதான் தண்ணீரில் கலந்து நிற்கிறது. மலைக்கு நடுவே சந்து மாதிரி போகிற இந்தக் கடல், ஃபியோர்டு என்பார்கள், எல்லாமே அப்படி வந்தவைதான். பனியாறு மலையை உழுதுகொண்டே போய் ஆழமான பள்ளத்தாக்கு ஆக்கிவிட்டது, பனி பின்வாங்கியதும் கடல் உள்ளே வந்துவிட்டது. அப்பாவுக்கு நான் இதைச் சொன்னதும், "கொழு எத்தன அடி எறங்கியிருக்கும்?" என்று கேட்டார். பல இடங்களில் தண்ணீருக்குக் கீழேயே நூற்றுக்கணக்கான அடி என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

கரையில் இறங்கியதும் தண்ணீரை விட்டு மேலே ஏறிப் பாறைமேல் நிற்கச் சொன்னார்கள். காரணம் இருக்கிறது. 1833 ஜனவரியில் இதே பீகிள் கால்வாயில் டார்வினும் கூட வந்தவர்களும் படகைக் கரையில் இழுத்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிரே பனியாற்றில் ஒரு துண்டு இடிந்து விழ, அது கிளப்பிய அலை படகுகளைக் கொண்டுபோகப் பார்த்திருக்கிறது. டார்வினும் இரண்டு மூன்று பேரும் ஓடிப்போய்ப் பிடித்து இழுத்ததால் தப்பித்தார்கள். இல்லாவிட்டால் அந்தப் பனிக்கரையில் படகில்லாமல் நின்றிருப்பார்கள். நாங்கள் நின்ற அரை மணி நேரத்தில் ஒரு துண்டு விழுந்தது. முதலில் சத்தமே இல்லாமல் சுவரிலிருந்து தூள் மாதிரி கொட்டுகிறது, நம் கண் அதைப் பார்த்து முடித்தபிறகு வருகிறது சத்தம். எல்லாரும் கேமராவைத் தூக்கினார்கள், அப்பா சட்டென்று என்னைப் பின்னால் இழுத்து அணைத்துக்கொண்டார். கிணற்றுக்கு வேட்டு வைத்த காலத்தில் சின்னப் பிள்ளையான என்னை அப்படித்தான் இழுத்துப் பிடித்திருப்பாராம். எனக்கு ஞாபகமில்லை, அவர் கைக்கு இருந்திருக்கிறது.

அங்கே மிதக்கிற ஐஸை உடைத்து விஸ்கியில் போட்டுக் கொடுப்பது வழக்கம். அப்பா குடிக்க மாட்டார், ஒரு டம்ளரில் வெறும் ஐஸ் மட்டும் கேட்டு வாங்கினார். டம்ளருக்குள் சின்னச் சின்னதாக வெடிக்கிற சத்தம், அந்தப் பழைய காற்றில் மிச்சம் மீதி வெளியே வருகிற சத்தம்தான் அது. உருகிய தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "ருசியே இல்ல அம்மிணி, உப்புமில்ல, இனிப்புமில்ல" என்றார். எங்கள் போர்த் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. உப்பே இல்லாத தண்ணீரை வாழ்க்கையில் முதல் தடவையாகக் குடிக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மத்தியானத்துக்கு மேல் பனியாறுகள் வரிசையாக வந்தன, ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, ஹாலந்து என்று நாடுகளின் பெயர். ரொமான்ச் என்பது மட்டும் 1882ல் இங்கே ஆராய்ச்சிக்கு வந்த பிரெஞ்சுக் கப்பலின் பெயர். அந்த ரொமான்சுக்கு அடியிலிருந்து ஒரு அருவி பாறையில் விழுந்து நேராகக் கடலில் கொட்டிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் உள்ளே போய்விட்டார்கள், அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

"ராவும் பகலும் இப்படித்தான் ஊத்துமா?"

"கோடையில ஊத்துமுங்கப்பா. இப்ப இங்க கோடைதானுங்க."

"அத்தனையும் கடலுக்கா?"

"ஆமாங்க."

"நடுவுல ஒருத்தருக்கும் வேண்டியதில்லையா?"

எனக்குப் பதில் வரவில்லை. வேண்டியவர்கள் இருந்தார்கள், அதை அடுத்த நாள் உலாயியா விரிகுடாவில் தெரிந்துகொண்டோம். யாகான் மக்கள் இந்தக் கால்வாய்களில் மரப்பட்டைப் படகில், படகுக்குள்ளேயே அடுப்பு மூட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கான வருடம் வாழ்ந்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த நோயில் சில பத்தாண்டுகளிலேயே அவர்களில் பெரும்பாலானவர்கள் செத்துப்போனார்கள். அவர்களில் ஒரு பையனை 1830ல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், ஜெம்மி பட்டன் என்று பெயர் வைத்து, கோட்டு போடப் பழக்கி, மூன்று வருடம் கழித்து இதே உலாயியாவில் கொண்டுவந்து விட்டார்கள். அடுத்த வருடம் வந்து பார்த்தபோது கோட்டெல்லாம் போய்ப் பழையபடி இருந்தான், திரும்பி வருகிறாயா என்று கேட்டதற்கு மாட்டேன் என்றுவிட்டான். யாகான் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனுஷி கிறிஸ்தினா கால்தெரோன் 2022 பிப்ரவரியில் இறந்தார், வயது 93. அந்தக் கரையில் நிற்கும்போது எனக்கு நெஞ்சு அடைத்தது. வடகாத்து, கொண்டல், மேகாத்து என்று அப்பா காற்றுக்குச் சொல்கிற பெயர்களை அன்று ராத்திரி உட்கார்ந்து எழுதிக்கொண்டேன்.

தென் அமெரிக்காவின் கடைசி முனையான கேப் ஹார்னில் இறங்க முடியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே இறங்குவது காற்றின் கையில் இருக்கிறது. நூற்றைம்பதுக்கும் மேல் படி என்று கேட்டு, சென்னிமலை ஏறுகிறவருக்கு இது எம்மாத்திரம் என்று அப்பா தயாராக உட்கார்ந்திருந்தார். அலை பெரிதாக இருந்ததால் கப்பல் தலைவர் வேண்டாம் என்றுவிட்டார். ஏமாற்றம்தான். ஆனாலும் அவர் செய்தது சரி. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றைப் பார்த்த எங்களுக்கே அந்தக் காற்றில் கதவைத் திறக்க முடியவில்லை. மேல்தளத்திலிருந்து பார்த்தோம், கலங்கரை விளக்கமும், கடலில் போனவர்களுக்காக 1992ல் வைத்த ஆல்பட்ராஸ் பறவை வடிவ நினைவுச் சின்னமும் தெரிந்தன. சிலிக் கடற்படைக்காரர் ஒருவர் குடும்பத்தோடு அங்கே தங்கி விளக்கைப் பார்த்துக்கொள்கிறார். அந்தப் பிள்ளைகள் யாரோடு விளையாடும் என்பதுதான் அப்பாவுக்குக் கவலை.

ஜனவரி கடைசியில் எங்கள் வாய்க்காலுக்கு முறை வந்தது. ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பா டார்ச்சும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு கிளம்ப, பள்ளிக்கூட நாளுக்கு அப்புறம் முதல் தடவையாக நானும் கூடப் போனேன். மடை திறந்ததும் குனிந்து கையை விட்டுப் பார்த்தார்.

"கதகதன்னு இருக்குது அம்மிணி, கைய வெச்சுப் பாரு."