குதிரை உடைத்த கதை

சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தோம். பழைய வீடுகளைத் தூண், கதவு எனப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள், 1996இல் திறந்தது. தஞ்சாவூர் விவசாயி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசே வரவில்லை.

ஆனால் அது நெல் ஊர் வீடு. பென்னாகரத்துப் பக்கம் எங்கள் தாத்தா வீட்டில் ராகிதான். அதைக் கொட்டி வைக்க ஆளுயர மண்குதிர், அடியில் கை நுழைகிற ஓட்டை, அதில் துணிப்பந்து அடைத்திருக்கும். பிடுங்கினால் ராகி சரசரவென்று கொட்டும். விளையாட்டாகப் பிடுங்கிப் பாட்டியிடம் வாங்கிய அடி இருக்கிறதே!

வீட்டை இடித்த அன்றே குதிரையும் உடைத்தாச்சு (குதிர்தான் ஐயா, ஓடுகிற குதிரை இல்லை). மாட்டுக்கொட்டகைக் கல்தூண் நாலு வேலியோரம் கிடக்கிறது, வேண்டுமா என்று சித்தப்பா கேட்கிறார். நான் இருப்பது ஓசூரில், இரண்டாவது மாடியில்.