பதினெட்டா, இருபதா: பாசிஃப்ளோரா குரோமோசோம்களை எண்ணி முடித்த அனுபவம்

பாஷன் பழக் கொடி சேர்ந்த பாசிஃப்ளோரா பேரினத்தில் மூன்று சிற்றினங்களின் குரோமோசோம்களை ஒப்பிட ஒரு பருவம் போதும் என்று நினைத்தேன். முடித்தபோது ஓராண்டு கடந்திருந்தது. அதில் பாதிக்கு மேல் என் பிழைகளை நானே திருத்துவதில் போயிற்று. விதைகள் ஒன்றுபோல முளைக்காததால், தண்டுத் துண்டுகளில் வேர்விடச் செய்துகொண்டேன். அதில் சிக்கல் ஏதும் வரவில்லை.

முதல் அடி வேதிப்பொருள் கிடங்கில் விழுந்தது. எத்தனால் மூன்று பங்கும் அசிட்டிக் அமிலம் ஒரு பங்கும் சேர்ந்த, செல்களை இருந்த நிலையிலேயே நிலைப்படுத்தும் கார்னாய் கரைசலை அவ்வப்போது புதிதாகக் கலக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் துறைத்தலைவரின் கையொப்பம் இல்லாமல் எத்தனால் தர முடியாது என்று கிடங்குப் பொறுப்பாளர் கைவிரித்துவிட்டார். கையொப்பமிட வேண்டியவரோ விடுப்பில் இருந்தார். வெட்டிய வேர்கள் காத்திருக்காது என்ற பதற்றத்தில், முந்தைய வாரம் கலந்து வைத்திருந்த கரைசலையே ஊற்றினேன். சாயமேற்றிப் பார்த்தபோது செல் முழுவதும் மங்கிய இளஞ்சிவப்பாகத் தெரிந்ததே தவிர, நாற்பது வேர் நுனிகளில் ஒன்றிலும் எண்ணத்தக்க மெட்டாஃபேஸ் (செல் பிரியும்போது குரோமோசோம்கள் தடித்துத் தனித்தனியாகத் தெரியும் நிலை) கிடைக்கவில்லை. கையொப்பத்தை முதலில் வாங்குங்கள், வேரைப் பிறகு வெட்டுங்கள்.

அடுத்த தவறுக்கு வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை. பாசிஃப்ளோரா எடுலிஸில் 18 குரோமோசோம்கள் என்பது எல்லாரும் அறிந்த எண்ணிக்கை. என் முதல் நல்ல ஸ்லைடிலோ 20 துண்டுகள் இருந்தன. இரண்டு நாள் தூக்கம் கெட்ட பிறகுதான், அவற்றுள் மிகச் சிறிய இரண்டும் தனிக் குரோமோசோம்கள் அல்ல, இரண்டாம் நிலைச் சுருக்கம் என்னும் மெல்லிய இடுக்கு நீண்டுவிட்டதால் தாய்க் குரோமோசோமிலிருந்து விலகிக் கிடந்த, சாட்டிலைட்டுகள் எனப்படும் நுனித் துண்டுகள் என்று புரிந்தது. அந்தப் பாடத்தைக் கற்ற பெருமிதத்தில், பாசிஃப்ளோரா ஃபெட்டிடாவில் 20 தெரிந்தபோதும் இரண்டைக் கழித்து, 18 என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். வழிகாட்டி அதைப் பார்த்து, “எந்த இரண்டைக் கழித்தாய்? காட்டு” என்று மட்டும் கேட்டார். என்னால் காட்ட முடியவில்லை. முழுக் குரோமோசோமில் இருக்கும், சாட்டிலைட்டில் இராத சென்ட்ரோமியர் சுருக்கம் இருபதிலும் தெளிவாகத் தெரிந்தது. அந்தச் சிற்றினத்துக்கு 20 என்றே முன்பும் பதிவாகியிருக்கிறது என்பதை நான் தேடிப் படித்தது அதற்குப் பிறகுதான். எதிர்பார்த்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு எண்ணினால், கண் அதற்கு ஏற்றபடி கணக்கைச் சரிசெய்துவிடுகிறது. இப்போதெல்லாம் ஸ்லைடின் மேல் பெயரை மறைத்துவிட்டுத்தான் எண்ணுகிறேன்.

எண்ணிக்கை தேறிய பின் நீளம் காலை வாரியது. செல் பிரிவை மெட்டாஃபேஸில் நிறுத்திவைக்கும் 8-ஹைட்ராக்சிகுயினோலினில் எடுலிஸின் வேர்களை நான்கு மணி நேரமும், ஃபெட்டிடாவின் வேர்களை வசதி கருதி இரவு முழுவதும் ஊறவைத்திருந்தேன். ஊறும் நேரம் கூடக் கூடக் குரோமோசோம்கள் சுருங்கும் என்பதால், “ஃபெட்டிடாவின் குரோமோசோம்கள் குட்டையானவை” என்று நான் அழகாக வரைந்த வரைபடம், உண்மையில் என் கடிகாரத்தை அளந்த வரைபடமாகப் போயிற்று. இரண்டையும் ஒரே நாளில், ஒரே புட்டிக் கரைசலில், ஒரே நேர அளவுக்கு ஊறவைத்து மறுபடி தொடங்கினேன். அப்போதும் நேரடி நீளத்தை நம்பாமல், மொத்த நீளத்தில் ஒவ்வொன்றும் எத்தனை விழுக்காடு என்ற கணக்கையும், சென்ட்ரோமியரின் இருபுறமும் உள்ள கரங்களின் விகிதத்தையும் மட்டுமே ஒப்பிட்டேன்.

பாசிஃப்ளோரா சுபெரோசா கடைசியாகக் கைக்கு வந்தது. அது சேர்ந்த டெகலோபா துணைப்பேரினத்தில் 12 என்பதே வழக்கமான எண்ணிக்கை என்பதால், 24 தெரிந்த முதல் ஐந்து ஸ்லைடுகளை, இரண்டு செல்கள் ஒன்றன்மேல் ஒன்று நசுங்கிவிட்டன என்று முடிவுகட்டிக் குப்பையில் போட்டேன். இந்தச் சிற்றினத்தில் 12, 24, 36 என மூன்று எண்ணிக்கைகளும் பதிவாகியுள்ளன என்பதை மறுநாள் படித்தபோது குப்பைத்தொட்டி காலியாகியிருந்தது. அதே செடியிலிருந்து புதிய வேர்கள் எடுக்க மேலும் மூன்று வாரங்கள் ஆயின. இம்முறை பதினொரு செல்களில் எண்ணினேன், பதினொன்றிலும் 24.