சுவர் போன வீடு

கோத்தகிரியில் தாத்தா கட்டிய வீடு. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த சுவரை ஒருவழியாக எடுத்தாயிற்று. ஒரே ஹாலாக வேண்டும் என்பது அம்மாவின் பத்து வருஷ ஆசை.

மேஸ்திரி முதலில் சுத்தியலைத் தொடவே இல்லை. பரண் மேல் ஏறி, கூரைச் சட்டங்கள் எதன் மேல் உட்கார்ந்திருக்கின்றன என்று பார்த்தார். அந்தச் சுவர் மேலேதான்! இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, இரும்பு பீமின் முனைகள் உட்கார கான்கிரீட் திண்டு போட்டு, அதன் மேல் பீமை ஏற்றி, அப்புறம்தான் இடிப்பு. விழுந்த செங்கற்களின் ஒரு முகம் முழுக்க ஆயாவின் விறகடுப்புக் கரி. தொட்டால் விரலில் ஒட்டியது.

பின்பக்கம் மேட்டை வெட்டி இன்னொரு அறை இழுக்கலாம் என்றான் தம்பி. வேண்டாம் என்றுவிட்டேன். மலையில் சரிவை வெட்டினால் ஐப்பசி மழைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். முன் திண்ணையை மூடி ஜன்னல் வைத்ததோடு சரி.

வெளிச்சம் அள்ளுகிறது. ஆனால் முன்பு அடுப்புச் சூடு சமையலறையிலேயே நிற்கும். இப்போது வீடு முழுக்கக் குளிர். நேற்று ராத்திரி ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் போர்த்திக்கொண்டு அம்மா சொல்கிறார், அங்கே ஒரு கனமான திரை தொங்கவிடலாமாம். சுவர் இருந்த அதே இடத்தில்.