தாடைக்குள் ஒரு மிக்ஸோமா

ஜூன் 3
கீழ்த்தாடை ஒரு பக்கம் பெருத்து, கடைவாய்ப்பல் ஆடுகிறது என்று ஓர் இளைஞர் வந்தார். வலியே இல்லை, அதனால்தான் இவ்வளவு நாள் விட்டுவிட்டார். எக்ஸ்ரேயில் எலும்புக்குள் கருப்பாக ஒரு பரப்பு, அதற்குள் டென்னிஸ் மட்டை வலை போல நேர்நேரான மெல்லிய கோடுகள். பல் உருவாகும் திசுவில் தோன்றும் அமெலோபிளாஸ்டோமா என்ற கட்டிதான் இந்த இடத்தில் அதிகம் வரும், ஆனால் அந்தக் கோடுகள் உறுத்துகின்றன.

ஜூன் 5
கத்தி வைக்கும் முன் ஊசியால் உறிஞ்சிப் பார்த்தோம். ரத்தம் பீறிட்டிருந்தால் ரத்தக்குழாய்க் கட்டி, திறந்தாலே உயிருக்கு ஆபத்து. வெள்ளையாகக் கெட்டியாக வந்திருந்தால் கெரட்டோசிஸ்ட் என்ற பைக்கட்டி. எதுவும் வரவில்லை. சரி, திசுக்கட்டிதான் என்று பயாப்ஸி எடுத்தோம். வழவழவென்று ஜெல்லியாக வந்தது.

ஜூன் 14
நோய்க்குறியியல் மேடம் போன் செய்து, எக்ஸ்ரேயைப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். முளைக்காத பல்லைச் சுற்றியிருக்கும் சாதாரணப் பையும் மைக்ரோஸ்கோப்பில் கிட்டத்தட்ட இப்படியேதான் இருக்குமாம். படத்தை அனுப்பினேன். ஓடோன்டோஜெனிக் மிக்ஸோமா, பல் உருவாகும் திசுவிலிருந்து வரும் ஜெல்லி போன்ற கட்டி.

ஜூன் 20
"புற்றுநோய் இல்லைன்னு சொல்லிட்டு ஏன் சார் தாடையை வெட்டணும்?" நியாயமான கேள்வி. இது வேறு உறுப்புக்குப் பரவாது, உண்மைதான். ஆனால் இதற்கு உறை கிடையாது, எலும்பின் சின்னச் சின்ன இடுக்குகளுக்குள்ளெல்லாம் கசிந்து போயிருக்கும், சுரண்டி எடுத்தால் எங்காவது கொஞ்சம் மிஞ்சி மறுபடி வளரும். சின்னதாக இருந்தால் சுரண்டிப் பார்க்கலாம் என்பேன். இது தாடை காதை நோக்கி மேலே ஏறும் பகுதி வரை போய்விட்டது. தாடைக்குள் ஓடும் நரம்பும் சேர்ந்து போவதால் கீழுதடு மரத்துப்போகும் என்பதையும் சொன்னேன், அதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது எனக்குப் பிடிக்காது.

ஜூலை 9
அறுவை சிகிச்சை. பாதிக்கப்பட்ட பகுதியோடு ஓரத்தில் நல்ல எலும்பையும் சேர்த்து வெட்டினோம். மென்திசுவை உறையவைத்து உடனே பரிசோதிக்கலாம், எலும்பை அப்படிச் செய்ய முடியாது, கால்சியத்தைக் கரைக்கவே பல நாள் ஆகும். அதனால் வெட்டிய துண்டை அங்கேயே எக்ஸ்ரே எடுத்து ஓரம் சுத்தமா என்று பார்த்தோம். அதற்குள் இன்னொரு குழு முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் இருக்கும் மெல்லிய ஃபிபுலா எலும்பை ரத்தக்குழாயோடும் கொஞ்சம் தோலோடும் எடுத்துவிட்டது, கணுக்கால் உறுதிக்காகக் கீழே 6 முதல் 8 செ.மீ. விட்டுவைத்து. முப்பரிமாண அச்சில் செய்த வழிகாட்டியை வைத்து எலும்பைத் துண்டாக்கி, தாடை வளைவுக்குச் சேர்த்து, பிளேட்டில் திருகி, கடைசியில் மைக்ரோஸ்கோப்பில் ரத்தக்குழாய் இணைப்பு. ரத்தக்குழாயைப் பிடித்திருந்த கிளாம்பை எடுத்ததும் புது எலும்பில் ரத்தம் கசிந்தது, அப்புறம்தான் எல்லோருக்கும் பேச்சே வந்தது.

ஜூலை 10
மணிக்கொரு தரம் டாப்ளர் கருவியால் ரத்த ஓட்டச் சோதனை. ஒட்டுத்தோல் நீலம் பாய்ந்தால் சிரையில் அடைப்பு, வெளுத்தால் தமனியில். இதுவரை நல்ல நிறம்.

செப்டம்பர் 2
ஓரங்கள் சுத்தம் என்ற அறிக்கை ஏற்கெனவே வந்துவிட்டது. நன்றாக நடக்கிறார், உதடு மரத்துத்தான் இருக்கிறது. பல் எப்போது வைப்பீர்கள் என்று கேட்டார். எலும்பு கூடட்டும், அப்புறம் இம்ப்ளான்ட் பற்றிப் பேசலாம் என்றேன். வருடக்கணக்கில் எக்ஸ்ரேக்கு வரவேண்டியிருக்கும் என்றதும்தான் முகம் சுருங்கியது.