பஸ் மேல் பழி போடாமல் மறுப்பது

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் கடைகளிலும் சிறு அலுவலகங்களிலும் முதல் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு மறுக்கத் தெரியாது என்று சொல்வதற்கில்லை. நேரம் கடந்தும் இருக்கச் சொன்னால் தினமும் மறுக்கத்தான் செய்கிறார்கள், ஆனால் ஒரு சாக்கின் பின்னால் நின்றுகொண்டு. "கடைசி பஸ் போயிரும் சார்" என்பது அதில் பிரபலம். சாக்கு சொன்னால் அதை எதிரில் இருப்பவர் தீர்த்துவைத்துவிடுவார். "அதுக்கென்ன மக்களே, நான் வண்டியில கொண்டு விடுதேன்." இப்போது வேலையும் தலையில், வேண்டாத சவாரியும் தலையில். பெண்பிள்ளைகளுக்குப் பின்னது இன்னும் சங்கடம். அது தொந்தரவாக மாறினால் சாமர்த்தியமாகப் பேசிச் சமாளிக்க வேண்டிய விஷயமே அல்ல. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொந்தரவைத் தடுக்கும் 2013 சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழுவிடமும், மற்ற இடங்களுக்கு மாவட்ட அளவிலான குழுவிடமும் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம்.

சாக்குக்குப் பதில் அளவைச் சொல்ல வேண்டும். "ஏழு மணி வரை இருக்கேன் சார். மிச்ச பில்லை நாளைக்குக் காலையில முதல் வேலையா போட்டுருதேன்." இதையும் மாலை நான்கு மணிக்கே சொல்லிவிட வேண்டும், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னால் தப்பி ஓடுவதுபோல் இருக்கும். முதல் மாதம் முக்கியம். அப்போது பேசாமல் ஒன்பது வரை நின்றால், ஒன்பதுதான் உங்கள் நேரம் என்று ஆகிவிடும்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்கிறது. அதற்கு மேல் போனால் இரட்டிப்புக் கூலி. (உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் திருத்தமும் வந்தது. இருக்கை இருந்தும் உட்காரக் கூசுகிறவர்களை எந்தச் சட்டத்தால் உட்காரவைப்பது?) ஐந்து பேர் வேலை செய்யும் கடையில் சட்டத்தை எடுத்துக்கொண்டு பேச்சைத் தொடங்கினால் அன்றோடு உறவு முறியும். வந்த நேரம், போன நேரத்தை மட்டும் சொந்த நோட்டில் தினமும் குறித்து வையுங்கள். சம்பளக் கணக்கு பேசும்போது அது உதவும்.

முதலாளி பெரும்பாலும் அப்பாவுக்கு வேண்டியவராகவோ அதே கோயில் கமிட்டிக்காரராகவோ இருப்பார். கடையில் நான்கு மணிக்கு மறுத்தது ஆறு மணிக்கு வீட்டுத் திண்ணையில் இருக்கும். எனவே வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. இல்லையென்றால் "அவரு நமக்கு எவ்வளவு செஞ்சிருக்காரு" என்று அம்மாவே எதிர்க்கட்சி ஆகிவிடுவார். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும் மண்டைக்காடு அம்மன் கோயில் கொடைக்கும் விடப்படும் உள்ளூர் விடுமுறை அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும்தான். தனியார் கடையை அது கட்டுப்படுத்தாது. அந்த நாள் வேண்டுமென்றால் இரண்டு வாரம் முன்பே, யார் உங்கள் இடத்தில் நிற்பார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

உண்மையான ஆபத்து அடுத்தவர் கடனுக்குப் போடும் ஜாமீன் கையெழுத்தில். "சும்மா ஒரு சாட்சிக்குத்தான்" என்பார் கூட வேலை செய்யும் அண்ணன். படிவத்தில் சாட்சிக்கு ஒரு இடம், ஜாமீன்தாரருக்கு வேறு இடம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 128-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. கடன் கொடுத்தவர், வாங்கியவரை விட்டுவிட்டு நேரே உங்களிடமே வரலாம். "ஜாமீன் யாருக்கும் போடுறது இல்லண்ணே" என்று பொதுவாகச் சொன்னால் அவருக்கு மட்டும் மறுத்ததாகாது. ஆனால் அடுத்த மாதம் இன்னொருவருக்குப் போட்டால் அந்தப் பேச்சு செல்லாது. கைமாற்று கேட்டால், திரும்பாவிட்டாலும் மாதம் ஓடும் தொகையை மட்டும் கொடுங்கள்.

அசல் சான்றிதழ் கேட்டால் காட்டிவிட்டு நகலைக் கொடுக்கலாம். கட்டாயம் வாங்கி வைப்போம் என்றால் எந்தெந்தச் சான்றிதழ் என்று தேதி, முத்திரையோடு ரசீது வேண்டும்.

மறுத்தபின் சில நாள் முகம் கொடுக்க மாட்டார்கள். அதைத் தாங்காமல் ஞாயிற்றுக்கிழமை டியூட்டிக்குத் தானாகப் பெயர் கொடுப்பவர்கள்தான் அதிகம். மறுத்ததை விலை கொடுத்துத் திரும்ப வாங்கும் வேலை அது. வழக்கம்போலப் பேசுங்கள். காலையில் போடுகிறேன் என்ற பில்லை, கடையில் முதல் ஆள் வருவதற்குள் போட்டுவிடுங்கள். அது மேசையில் இருந்தால் அடுத்த முறை ஏழு மணிக்கு யாரும் கேள்வி கேட்பதில்லை.