லின்வுட் சாலையில் ஒரு கருப்பு மாதா

டெட்ராய்ட்டுக்குப் போகிறேன் என்றதும் எல்லாரும் கார் மியூசியத்தைத்தான் சொன்னார்கள். எனக்கோ லின்வுட் சாலையில் ஒரு தேவாலயத்தில் இருக்கும் மாதா ஓவியத்தைப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை தொடங்கும் முன்பே போய்விட்டேன். வாசலில் நின்ற பெரியம்மா ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார், ஊர் பேர் எதுவும் கேட்கவில்லை, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்துவிட்டார்.

நிமிர்ந்தால் 18 அடி உயரத்துக்கு அவள். நீலமும் வெள்ளையுமாகப் போர்த்திக்கொண்டு, கையில் குழந்தையோடு, நல்ல கருப்பு. மாநிறம், புதுநிறம் என்று நழுவுகிற பேச்சே இல்லை. வரைந்தவர் கிளாண்டன் டவ்டெல், சிறையில் இருந்தபோது ஓவியம் பழகியவர். மாடலாக உட்கார்ந்தது அந்தப் பகுதியில் வாழ்ந்த ஒரு பெண்தான். 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு அன்று பாதிரியார் ஆல்பர்ட் கிளீக் இந்தப் படத்தைத் திறந்துவைத்தார், இயேசு கருப்பர் என்று பிரசங்கத்தில் அடித்துச் சொன்ன மனிதர் அவர். அதுவரை அந்த இடத்தில் இருந்தது, இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்து கரையிறங்கிய வெள்ளைக்காரர்களைக் காட்டும் வண்ணக் கண்ணாடி ஜன்னல். அந்த ஜன்னலின் மேல்தான் இவள் ஏறி நிற்கிறாள்! பிறகு சபையின் பெயரே கருப்பு மாதா கோயில் என்றாகிவிட்டது. 1973-ல் கோல்மன் யங் டெட்ராய்ட்டின் முதல் கருப்பின மேயராக ஜெயித்ததில் இந்தச் சபைக்காரர்களின் தேர்தல் வேலைக்கும் பங்கு உண்டு.

வெளியே வந்து அம்மாவுக்குப் போட்டோ அனுப்பினேன். “நம்ம கருமாரி மாதிரியே இருக்கா, இடுப்புல புள்ளதான் கூடுதல்” என்று பதில். அம்மாவுக்கு அதில் அதிசயம் ஒன்றுமில்லை. கல்லும் எண்ணெயும் சேர்ந்து கருத்த சாமியைப் பார்த்தே வளர்ந்தவள், சாமி கருப்பாக இருக்கலாமா என்று யாரிடமும் போய்ச் சண்டை போட வேண்டியிருந்ததில்லை. (அதே நாம்தான் கல்யாண விளம்பரத்தில் சிவந்த பெண் வேண்டும் என்று போடுகிறோம், சரி, அது வேறு கதை.)

அதே லின்வுட் சாலையில் கொஞ்ச தூரம் போனால், சிகாகோ புலவார்டு முனையில், பாதிரியார் ஆகப் படிப்பவர்களுக்கான கத்தோலிக்கக் குருமடம் இருக்கிறது. அங்கே குகை மாதிரி கட்டிய கெபிக்குள் கைகளை விரித்தபடி இருதய ஆண்டவர், அதாவது இயேசுவின் சிலை. 1967 ஜூலை 23 அன்று போலீஸ் ரெய்டு ஒன்றில் மூண்டு, ஐந்து நாள் எரிந்து, 43 பேரைப் பலிவாங்கிய கலவரத்தின்போது சிலர் வந்து அந்த வெள்ளைச் சிலையின் முகம், கை, கால்களுக்குக் கருப்புப் பெயிண்ட் பூசினார்கள். கொஞ்ச நாளில் வேறு யாரோ வந்து திரும்ப வெள்ளை அடித்துவிட்டார்கள். அதன்பின் குருமடமே மறுபடி கருப்பு பூசியது, இன்று வரை அப்படியே இருக்கிறது.

உண்மையைச் சொன்னால் மாதாவைவிட இவர் முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றேன். அங்கி வெள்ளை, அதிலிருந்து நீளும் கைகள் மட்டும் கருப்பு. கல்லின் நிறம் இல்லை, தூரிகை பிடித்துப் பூசிய நிறம் என்பது கிட்டே போனால் தெரிகிறது. வெயிலிலும் பனியிலும் பெயிண்ட் எத்தனை நாள் நிற்கும், உரிய உரிய யாராவது பூசிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

இந்தப் போட்டோவையும் அம்மாவுக்கு அனுப்பினேன்.

“இவருக்கு யாருடி பெயிண்ட் அடிச்சது?”

“முதல்ல கலவரத்துல வந்தவங்க, அப்புறம் சாமியாருங்களே” என்று டைப் செய்துவிட்டு வண்டியை எடுத்தேன்.